கோயிலும் கோட்டையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். மதச்சார்பற்ற நாடு என்கிறோம், ஆனால் கோயில் உண்டியல் எண்ணும் இடத்தில் அரசு அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். இது எப்படிப் பொருந்தும்?
– மாணவி ஒருவர், காரைக்குடி

பதில்: நம் ஊரில் அரசும் மதமும் ஒன்றையொன்று தொடாமல் இருந்த காலமே கிடையாதம்மா. 1920-களில் நீதிக் கட்சி ஆட்சியில் அறநிலையச் சட்டம் வந்தது. கோயில் சொத்து கண்டவர் கைக்கும் போகிறது என்ற புகார்தான் அதற்குக் காரணம். இப்போது நடப்பில் இருப்பது 1959-ஆம் ஆண்டுச் சட்டம். தேர்வுக்கு நீங்கள் மறக்கக் கூடாதது 1954-இல் வந்த சிரூர் மடம் வழக்குத் தீர்ப்பு. வழிபாடும் சடங்கும் அந்தந்தச் சமயத்தார் பாடு, சொத்து நிர்வாகத்தையும் கணக்கு வழக்கையும் அரசு சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் அதில் ஒரு கோடு கிழித்தது. அந்தக் கோடு சரியானது என்றுதான் நான் நினைக்கிறேன். சில அதிகாரிகள் அதைத் தாண்டி மூக்கை நுழைக்கிறார்கள், அதைக் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 27-ஆவது பிரிவு. அதே அரசியல் சட்டத்தில் 290-அ என்று ஒன்று இருக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து 1956-இல் நம்மோடு சேர்ந்த பகுதியில் உள்ள கோயில்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு ஆண்டுக்கு 13.5 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று அதில் எழுதியே இருக்கிறது. நமது ஏற்பாடு இப்படி விட்டுக்கொடுத்தும் சேர்த்துப் பிடித்தும் உண்டானது. என்னைக் கேட்டால், நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழிதான் மனதுக்குப் பிடித்தது: கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு வரி, அந்தப் பணத்தில் கோயில். சாமி கும்பிடுகிறவர்களே செலவையும் ஏற்றுக்கொண்டால் கோட்டையின் கதவைத் தட்டும் வேலை பாதி குறையும்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்தில் பர்மாவில் மௌல்மீன் ஊரில் எங்களுக்குக் கிட்டங்கி, அதாவது தொழில் நடத்தும் இடம், இருந்தது. அங்கே புத்த மதம்தான் எல்லாம். இங்கேயும் அதிகம் பேர் கும்பிடுகிற மதத்தையே அரசாங்க மதம் என்று அறிவித்துவிட்டால் இந்தச் சண்டையெல்லாம் ஓய்ந்துவிடாதா?
– ஓர் ஆச்சி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, நீங்கள் பர்மாவைச் சொன்னது நல்லதாயிற்று, அந்த ஊரில் நடந்ததையே சொல்கிறேன். 1960 தேர்தலில் பர்மியத் தலைவர் ஊ நு, பௌத்தத்தை அரசு மதமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்து ஜெயித்தார். மனிதர் உண்மையிலேயே பக்திமான், ஓட்டுக்காக மட்டும் வேஷம் போட்டவர் என்று சொல்ல முடியாது. 1961 ஆகஸ்டில் சட்டமும் வந்துவிட்டது. மற்ற மதத்தார் பயந்துபோனார்கள், கிறிஸ்தவர்கள் நிறைய இருக்கும் கச்சின் பகுதியிலோ அந்த ஆண்டே ஆயுதப் போராட்டம் கிளம்பியிருந்தது. சரி, பயத்தைப் போக்குவோம் என்று, அவரவர் மதத்தை அவரவர் கற்பித்துக்கொள்ளலாம் என ஒரு பாதுகாப்புத் திருத்தம் கொண்டுவந்தார். அதையும் பொறுக்காமல் பிக்குகளில் ஒரு சாரார் தெருவுக்கு வந்தார்கள். ரங்கூன் புறநகரில் பள்ளிவாசல்கள் எரிந்தன. கவனியுங்கள் ஆச்சி, இது அவர்கள் கேட்டதைக் கொடுத்த பிறகு நடந்தது! 1962 மார்ச் 2-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. மாநிலங்கள் கேட்ட கூட்டாட்சிதான் அதற்கு முக்கியக் காரணம், ஆனால் மதச் சட்டம் கிளப்பிய பிளவும் அதோடு சேர்ந்துகொண்டது. நம் நகரத்தார் அங்கே நிலம் இழந்ததை மதத்தின் தலையில் கட்ட மாட்டேன், அதற்குப் போரும் நிலச் சட்டங்களும் அப்புறம் வந்த தேசியமயமும் காரணம்.

பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1972 முதல் அரசியல் சட்டத்திலேயே பௌத்தத்துக்கு முதலிடம். 1983-இல் அங்கே என்ன நடந்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தோனேசியாவில் வேறு மாதிரி முடிவெடுத்தார்கள். முஸ்லிம்கள் ஷரியத்தைப் பின்பற்றும் கடமை பற்றிய வாசகம் அரசியல் சட்ட முகவுரைக்கான வரைவில் இருந்தது. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று தெரிந்ததும், விடுதலை அறிவித்த மறுநாளே, 1945 ஆகஸ்ட் 18 அன்று, விடுதலைத் தலைவர்களில் ஒருவரான முகம்மது ஹத்தா முஸ்லிம் தலைவர்களோடு பேசி அதை எடுக்க வைத்தார். பெரும்பான்மையாக இருந்தவர்களே இறங்கி வந்தார்கள். அங்கேயும் 2002-இல் பாலியில் குண்டு வெடித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாடு உடையாமல் நின்றதில் அந்த ஒரு நாள் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

கேள்வி: தீவிரவாதம் தலைதூக்கும்போது அந்தந்த மதத்து நல்லவர்கள் ஏன் வாயே திறப்பதில்லை?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: திறக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. இலங்கையில் 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று 250-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான், அந்நாட்டின் கிழக்கே உள்ள காத்தான்குடி ஊர்க்காரன். அவனைப் பற்றி முதலில் அதிகாரிகளிடம் புகார் சொன்னவர்கள் அங்குள்ள முஸ்லிம்கள்தான். 2017-இலேயே சூஃபி வழியினரோடு மோதிவிட்டுத் தலைமறைவானான். எச்சரிக்கைகள் வந்தும் அரசு அசட்டையாக இருந்தது. ஆகவே மிதவாதிகள் பேசினால் மட்டும் போதாது, அவர்கள் சொல்வதைக் கேட்டு நடவடிக்கை எடுக்க அரசுக்குக் காதும் வேண்டும். யார் வெறுப்பைப் பரப்பினாலும் ஒரே சட்டம், ஒரே வேகம். அது இல்லாத ஊரில் நல்லவர்கள் பேச எப்படித் துணிவார்கள்?

நம் பக்கத்திலேயே சைவ மடத் தலைவர் குன்றக்குடி அடிகளார் இருந்தாரே! 1982-இல் கன்னியாகுமரி மாவட்டத்து மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் மூண்டபோது, இது நம் மடத்து வேலையா என்று யோசிக்காமல் அங்கே போய் அமைதிக்காக உழைத்தார். கடவுளே இல்லை என்ற பெரியாரோடும் மேடையில் உட்கார்ந்தவர் அவர். திருநீற்றையும் விடவில்லை, தேவாரத்தையும் விடவில்லை. தன் சமயத்தில் ஆழமாகக் காலூன்றியவர் சொன்னால்தான் தன் சமயத்தார் கேட்பார்கள். வெளியிலிருந்து நாம் எவ்வளவு புத்தி சொன்னாலும் ஏறாது.

கேள்வி: குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் தினம் ஒரு வெறுப்பு வீடியோ போடுகிறான். கண்டித்தால், நடுநிலை நாடகம் போடாதீங்க சித்தப்பா என்கிறான். என்ன செய்ய?
– வாசகர், புதுவயல்

பதில்: குழுவில் வைத்துத் திட்டாதீர்கள், பத்துப் பேர் பார்க்க அவன் இறங்கி வர மாட்டான். வீட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட வைத்து, அப்புறம் அந்த வீடியோவை அவன் கையாலேயே ஓட விடச் சொல்லுங்கள். கடைப் பலகையில் என்ன எழுத்து இருக்கிறது, வண்டி நம்பர் எந்த ஊருடையது, பின்னால் பேசுகிறவர் எந்த மொழி பேசுகிறார் என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். வேறு நாட்டில் என்றோ நடந்ததை நேற்று நம் ஊரில் நடந்தது என்று போடுவது நிறையவே நடக்கிறது. ஒரு வேளை சம்பவம் உண்மையாகவே இருந்தால், செய்தவனைச் சொல், அவன் சமூகத்தையே ஏன் சொல்கிறாய் என்று கேளுங்கள். மதப் பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சம்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 196-ஆவது பிரிவின்படி குற்றம் என்பதையும், பயமுறுத்துவதற்காக இல்லாமல், அவன் வேலைக்குப் போகிற பிள்ளை என்ற அக்கறையோடு சொல்லி வையுங்கள். ஒரு நாளில் மாற மாட்டான். திரும்பவும் கூப்பிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் கோயில் வாசலில் கட்சிக் கொடி கட்ட வேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். கட்டலாமா?
– விழாக் குழு உறுப்பினர், தேவகோட்டை

பதில்: கூடாது. எந்தக் கட்சியானாலும் கூடாது. வழிபாட்டு இடத்தை அரசியலுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்க 1988-இலேயே மத்தியச் சட்டம் இருக்கிறது; கோயில், பள்ளிவாசல், சர்ச், குருத்வாரா எல்லாவற்றுக்கும் அது பொது, மீறினால் சிறைத் தண்டனையும் உண்டு. காப்புக் கட்டுவதற்கு முன்பே கூட்டம் போட்டு, இதையே முதல் தீர்மானமாக எழுதி, எல்லாக் கட்சிக்காரர்களிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.