கட்டடம் கட்டித் தருபவர் வீட்டுப் பிள்ளை

வணக்கம்.

நாங்கள் நியூஜெர்சியில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம். மகள் பள்ளி இறுதி வருடம். நன்றாகப் படிப்பவள், ஹார்வர்ட் உட்பட ஏழெட்டு இடங்களுக்கு விண்ணப்பிக்கிறாள். கல்லூரிச் சேர்க்கைக்கு ஆலோசனை சொல்லும் ஒருவர், விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு 5,000 டாலராவது நன்கொடை கொடுத்துவிடுங்கள், உங்கள் பெயர் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும் என்கிறார். "ஊரில் டொனேஷன் கொடுத்துத்தானே நானே இன்ஜினியரிங் படித்தேன், இதில் என்ன வந்துவிட்டது" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. இங்கேயும் பணத்துக்கு சீட் உண்டா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

செக் எழுத வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் நிதானமாகப் படியுங்கள். பணம் அங்கே வேலை செய்கிறதா என்றால், செய்கிறது. ஆனால் 5,000 டாலர் செய்யாது.

உங்கள் கணவர் சொல்லும் டொனேஷன் எனக்கும் தெரியும். 1991-ல் என் அண்ணனுக்கு ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் சீட் வாங்க அப்பாவோடு நானும் போயிருந்தேன். கட்டணத்துக்கு முன்னறை மேஜையில் ரசீது கொடுத்தார்கள். மீதிப் பணத்தைப் பின்னறையில் ஒருவர் ஈர ஸ்பாஞ்சில் விரலை ஒற்றி ஒற்றி இரண்டு முறை எண்ணி வாங்கிக்கொண்டார், அதற்கு ரசீது கிடையாது. அடுத்த வருடமே தமிழ்நாட்டில் அதைத் தடைசெய்து சட்டம் வந்தது, அதற்குப் பிறகும் அது எப்படியெல்லாம் நடந்தது என்பது ஊரறிந்த விஷயம். அங்கே டொனேஷன் என்பது சீட்டின் விலை. பேசி முடித்தால் சீட் உறுதி. அமெரிக்காவில் விலை என்று ஒன்று கிடையாது. நன்கொடைக்குப் பதிலாக ஏதாவது கிடைத்தால் அந்த அளவுக்கு வரிவிலக்கு போய்விடும், அதனால் கொடுப்பவரும் கேட்கமாட்டார், வாங்குபவரும் சொல்லமாட்டார். இருவருக்கும் புரிந்திருக்கும், அவ்வளவுதான்.

இது வதந்தி இல்லை. 2018 அக்டோபரில் ஹார்வர்டின் சேர்க்கை முறை பற்றிய வழக்கு பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்தபோது உள்ளே இருந்த பல காகிதங்கள் வெளியே வந்தன. அதில் 2013-ல் எழுதப்பட்ட ஒரு மின்னஞ்சல். ஹார்வர்டில் அரசு நிர்வாகம் கற்பிக்கும் பிரிவான கென்னடி பள்ளியின் அப்போதைய டீன், சேர்க்கைத் துறைத் தலைவருக்கு எழுதியது, தலைப்பே "என் நாயகனே" என்கிற மாதிரி. நீங்கள் சேர்த்துக்கொண்டவர்களை நினைத்து எனக்கு ஒரே சந்தோஷம், அதில் ஒருவர் ஏற்கெனவே ஒரு கட்டடத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டார் என்று போகிறது. பெயர்கள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டிருந்தன. இதைப் படித்த அன்று எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் விண்ணப்பத்தைப் பற்றிய கடிதத்தில் கட்டடத்துக்கு என்ன வேலை?

அதே வழக்கில்தான், சேர்க்கைத் துறைத் தலைவர் வைத்திருந்த 'டீனின் பட்டியல்' என்பதும் வெளியே வந்தது. நன்கொடையாளர்கள், இன்னும் ஏதோ ஒரு வகையில் பல்கலைக்கழகத்துக்கு வேண்டியவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர் அதில் ஏறும். அதில் இருந்தவர்களில் 100-க்கு 42 பேர் வாக்கில் இடம் கிடைத்தது. எந்தப் பட்டியலிலும் சேராத சாதாரணப் பிள்ளைகளுக்கு 100-க்கு 5, 6. விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், ஆசிரியர்களின் பிள்ளைகள், இந்தப் பட்டியல்காரர்கள் எல்லோரையும் கூட்டினாலும் விண்ணப்பித்தவர்களில் 5 சதவீதம்கூட வராது, ஆனால் சேர்க்கப்பட்டவர்களில் சுமார் 30 சதவீதம் அவர்கள்தான். அந்தப் பிள்ளைகள் படிக்காதவர்கள் என்று நான் சொல்லவரவில்லை, நல்ல பள்ளிகளில் படித்தவர்கள்தான். ஆனாலும் அந்த வித்தியாசத்தைப் படிப்பு மட்டும் உண்டாக்கவில்லை.

சரி, எவ்வளவு கொடுத்தால் பட்டியலில் ஏறலாம்? எழுதிவைத்த தொகை எதுவும் இல்லை. டேனியல் கோல்டன் என்ற பத்திரிகையாளர் 2006-ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். டிரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் ஹார்வர்டில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், 1998-ல், அவருடைய அப்பா 25 லட்சம் டாலர் தருவதாக உறுதி கொடுத்ததை அதில் வெளியிட்டார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று குடும்பத்தின் தரப்பில் மறுத்தார்கள். இன்னொரு கணக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க உலகம் முழுக்க இருக்கும் தமிழர்களும் தமிழக அரசும் சேர்ந்து திரட்டியது 60 லட்சம் டாலர். எத்தனையோ ஆயிரம் பேர் கொடுத்துத்தான் ஒரு பேராசிரியர் இருக்கை. அந்தப் பல்கலைக்கழகத்தின் கையிருப்பு நிதியோ 5,000 கோடி டாலருக்கு மேல். இதில் உங்கள் 5,000 யார் கண்ணில் படும், சொல்லுங்கள். ஒரு நன்றிக் கடிதம் வரும், அடுத்த வருடமும் கேட்டு இன்னொரு கடிதம் வரும்.

அந்த ஆலோசகரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே இருங்கள். 2019 மார்ச்சில் பிடிபட்ட ரிக் சிங்கரும் இப்படிப்பட்ட ஆலோசகர்தான். முன்வாசல் படித்துப் போவது, பின்வாசல் பெரிய நன்கொடை, அதற்குப் பத்து மடங்கு செலவாகும், உறுதியும் கிடையாது, அதனால் நான் ஒரு பக்கவாசல் திறந்திருக்கிறேன் என்று பெற்றோரிடம் சொன்னார். பயிற்சியாளர்களுக்கு லஞ்சம், தேர்வில் மோசடி, இதுதான் அந்தப் பக்கவாசல். அவருக்கு மூன்றரை வருடம் சிறை, பெற்றோர் பலரும் உள்ளே போய்வந்தார்கள். என்னை உறுத்துவது வேறு. வழக்கை அறிவித்த அன்று அரசு வழக்கறிஞரே, பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வாய்ப்பு கூடட்டும் என்று கட்டடம் கட்டித் தருவதைப் பற்றி நாங்கள் பேசவில்லை, இது ஏமாற்று வேலை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பயிற்சியாளர் பையில் பணம் போட்டால் குற்றம், பல்கலைக்கழகத்தின் கணக்கில் போட்டால் கொடை. சட்டப்படி அவர் சொன்னது சரிதான். வரிசையில் நின்ற பிள்ளைக்கு இரண்டிலும் இடம் போகிறது.

பணக்காரர் கொடுக்கும் பணத்தில்தானே ஏழை மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். தருகிறார்கள், தாராளமாகவே தருகிறார்கள். உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தால் அதற்குக் கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள். ஆனால் எம்.ஐ.டி.யும் கால்டெக்கும் பெற்றோர் அங்கே படித்தவர்களா என்று பார்ப்பதில்லை, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் அந்தச் சலுகையையே நிறுத்திவிட்டது. யாரும் நொடித்துப்போகவில்லை. கலிஃபோர்னியா 2024-ல் தனியார் பல்கலைக்கழகங்களிலும் நன்கொடையாளர், முன்னாள் மாணவர் சலுகைகளைத் தடைசெய்தது. மீறினால் அபராதம் இல்லை, பெயரை வெளியிடுவார்கள், அவ்வளவுதான். ஸ்டான்ஃபோர்ட் என்ன செய்தது? மாநில அரசின் உதவித்தொகையே வேண்டாம், அதை எங்கள் பணத்தில் கொடுத்துக்கொள்கிறோம் என்று விலகி, முன்னாள் மாணவர் சலுகையை வைத்துக்கொண்டது. அவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உங்கள் மகளிடம் இந்த செக் பேச்சையே எடுக்காதீர்கள். என் அண்ணன் ஒவ்வொரு செமஸ்டர் மார்க் வரும்போதும் அந்தப் பின்னறைத் தொகையை அப்பா வாயால் கேட்டான், ஐம்பது வயதைத் தாண்டியும் அது அவனுக்கு வலிக்கிறது. ஹார்வர்டுக்கு 40,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து 2,000 பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் அதற்குப் பெரும்பாலும் அந்தப் பட்டியலைவிட அந்தக் கூட்டம்தான் காரணமாக இருக்கும், அதை மட்டும் அவளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். விண்ணப்பக் கட்டுரையை அவளே எழுதட்டும், ஆலோசகர் கைவைக்க வேண்டாம். மார்ச் கடைசியில் முடிவுகள் வந்ததும் எங்கே சேர்கிறாள் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்