லைன்மேன் லாரியின் புகையைக் குறைப்பது எப்படி? கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில் மின் விநியோக நிறுவன வண்டிகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கார்பனைக் குறைப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

அண்ணா, கரண்ட் விற்கிற கம்பெனியே ஏன் இன்னும் டீசல் வண்டி ஓட்டுகிறது?

எல்லா வண்டியும் ஒன்றல்ல தம்பி. சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் என்ற மின் நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கைப் பாருங்கள்: கார், சின்ன எஸ்யூவி 100 சதவீதம் எலக்ட்ரிக், பிக்கப் மாதிரியான நடுத்தர வண்டிகள் 30, கனரக லாரி வெறும் 8. கார் மாற்றுவது சுலபம், ஆனால் டீசலை அதிகம் குடிப்பது லாரிதான்.

லாரியை மாற்ற முடியாதென்றால் வேறு வழி?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். லைன்மேனைத் தூக்கிவிடும் பக்கெட் லாரி கம்பத்தடியில் போய் நின்ற பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் பக்கெட்டைத் தாங்கும் லாரியின் இரும்புக் கையைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்புக்கு எஞ்சினிலிருந்துதான் சக்தி போகிறது. கை அசையாமல் நிற்கும்போதும், கேபினில் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும்போதும் அதே கதைதான். நின்ற இடத்தில் மணிக்கு 3 லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 8 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பம்பை பேட்டரியில் ஓட்டும் அமைப்பு கடையில் கிடைக்கிறது, இரவு டிப்போவில் சார்ஜ் போட்டால் போதும். கம்பத்தடியில் எஞ்சினை அணைத்துவிடலாம். சத்தமும் இல்லை, மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் கத்தாமல் பேசிக்கொள்ளலாம், பாதுகாப்புக்கே அது பெரிய விஷயம். முழு எலக்ட்ரிக் லாரிக்காகக் காத்திருப்பதைவிட இதை இன்றே செய்யுங்கள் என்பேன்.

ரினியூவபிள் டீசல் நிஜமாகவே பலன் தருமா?

தரும், மூலப்பொருளைப் பொறுத்து. அது வழக்கமான பயோடீசல் இல்லை, எண்ணெயையும் கொழுப்பையும் ஹைட்ரஜனோடு சேர்த்துப் பதப்படுத்துவது, எஞ்சினில் எதையும் மாற்ற வேண்டாம். புகைக்குழாயில் வரும் கார்பன் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் செய்தால், மூலப்பொருள் உருவாவதிலிருந்து எரிவது வரை பார்க்கும் மொத்தக் கணக்கில் நல்ல லாபம். காட்டை அழித்துப் போட்ட பாமாயிலில் செய்தால் அந்த லாபமே போய்விடும். வாங்கும்போது மூலம் எதென்று எழுத்தில் கேளுங்கள்.

புயல் அடித்து ஊரே இருட்டாக இருந்தால் எங்கே சார்ஜ் போடுவது?

நியாயமான கேள்வி. கரண்ட் இல்லாத ஊருக்குத்தானே நாங்கள் போகிறோம், சில சமயம் பக்கத்து மாநிலத்துக்கே உதவிக்கு ஓட வேண்டியிருக்கும். அதனால் அவசரத்துக்குப் போகும் லாரிகளை டீசலிலோ ஹைப்ரிடிலோ வைத்துக்கொள்வதில் தப்பில்லை. மீட்டர் பார்க்கிற, ஆய்வுக்குப் போகிற வண்டிகளுக்கு இந்தச் சாக்கு செல்லாது.

இந்தியாவில் கரண்டே நிலக்கரியில் வருகிறது. எலக்ட்ரிக் வேனால் என்ன பயன் சார்?

கணக்குப் போடுவோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் டீசல் வேன், கிலோமீட்டருக்குச் சுமார் 220 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். யூனிட்டுக்கு 4 கிலோமீட்டர் ஓடும் எலக்ட்ரிக் வேனுக்கு, இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தால் 175 கிராம், கம்பியில் இழப்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் குறையும். இன்றைக்கு லாபம் சின்னதுதான். ஆனால் வேன் பத்து வருஷம் ஓடும், அதற்குள் சூரிய ஒளியும் காற்றாலையும் கூடக்கூட அதே வேனின் கணக்கு தானாக இறங்கும், டீசல் வேனுக்கு அது நடக்காது. டிப்போ கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்தால் இப்போதே நல்ல லாபம்.

சின்ன நிறுவனம், பணம் இல்லை. எதில் தொடங்குவது?

ஒவ்வொரு வண்டிக்கும் எஞ்சின் ஓடிய மணி நேரத்தையும் ஓடிய கிலோமீட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். மணி அதிகம், தூரம் குறைவு என்று வருகிற வண்டிகள்தான் நின்ற இடத்தில் டீசலை எரிக்கின்றன. பேட்டரிக்கான பணத்தை முதலில் அவற்றுக்கு ஒதுக்குங்கள்.