எல்லா ஊரும் பழகிவிட்டது, எதுவும் சொந்த ஊராகத் தெரியவில்லை. குடியாத்தத்துக்கே திரும்பிவிட்டால் சரியாகுமா?

கேள்வி இதுதான்: பன்னிரண்டு வருடத்தில் மூன்று நாடு. எங்கே போனாலும் ஒரு மாதத்தில் பழகிவிடுகிறது, ஆனால் எங்கேயும் ஒட்டவில்லை. குடியாத்தம் பக்கத்துச் சொந்தக் கிராமத்துக்கு வந்தாலும் விருந்தாளி மாதிரிதான் இருக்கிறது. உலகக் குடிமகன் என்று சொல்லிக்கொண்டு இப்படியே இருந்துவிடலாமா, திரும்பினால் சரியாகுமா?

திரும்பினால் மட்டும் சரியாகாது. ஊரின் கணக்கில் உங்கள் பெயர் ஏற வேண்டும். நீங்கள் இல்லாவிட்டால் யாருடைய நோட்டிலாவது ஒரு வரி காலியாகக் கிடக்க வேண்டும். மற்றபடி மண்வாசனை எல்லாம் இரண்டு வாரம் தாங்கும்.

உலகக் குடிமகன் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கேரி டேவிஸ் என்ற அமெரிக்கர் 1948இல் பாரிஸில் தன் குடியுரிமையைத் துறந்தார். 1954இல் 'உலக பாஸ்போர்ட்' வழங்க ஓர் அமைப்பையே தொடங்கினார். மீனம்பாக்கத்தில் அதை நீட்டினால் உள்ளே விடமாட்டார்கள். மனசுக்கு உலகம் சரி, கவுண்டருக்கு ஒரு நாடு வேண்டும்.

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை இல்லை. நீங்களாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை அப்போதே போய்விடும், பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையைக் குடியுரிமை என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறைய. அது ஆயுள் விசா, அவ்வளவுதான். ஓட்டு கிடையாது. வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. வாரிசாக வந்தால் தடையில்லை. இதில் பலர் கவனிக்காதது ஒன்று: இந்தியப் பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் வெளிநாட்டில் வசிப்பவராக இருக்கும்வரை இதே தடைதான். "பாலாற்றங்கரையில் ரெண்டு ஏக்கர் வாங்கிப் போடுவோம்" என்ற திட்டம் இருந்தால், நிரந்தரமாகத் திரும்பி வந்த பிறகு வாங்குங்கள். மச்சான் பெயரில் வாங்கிப் போடுவது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால் படிவம் 6ஏ கொடுத்து, அதில் உள்ள ஊர் முகவரியில் வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதியலாம். நேரில் வந்து அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் ஓட்டுப் போட முடியும். ஆனாலும் பதிந்து வையுங்கள். ஊரின் பட்டியல்களில் சுலபமாக ஏறக்கூடிய ஒன்று இது.

அடுத்தது சொந்த மாவட்டம். நீங்கள் நகர்ந்தது போதாதென்று இங்கே மாவட்டமும் நகர்ந்திருக்கிறது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். மிச்சம் இருந்தது பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019இல் அதுவும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகியது. 1985இல் ஆற்காட்டில் பிறந்த ஒருவர் தெருவைத் தாண்டாமலே வட ஆற்காட்டுக்காரராகவும் வேலூர்க்காரராகவும் இருந்து இப்போது ராணிப்பேட்டைக்காரர். குடியாத்தம் வேலூரிலேயே நின்றுவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடிச் சொந்தக்காரர்கள் திருப்பத்தூருக்குப் போய்விட்டார்கள்.

இது சிரிப்புக்கு மட்டும் இல்லை. பிறப்புச் சான்றில் வட ஆற்காடு, பாஸ்போர்ட்டில் வேலூர், ஆதாரில் ராணிப்பேட்டை என்று இருந்தால் ஏதோ ஒரு கவுண்டரில் நிறுத்துவார்கள். பிறந்த இடம் கேட்கும் கட்டத்தில் பிறப்புச் சான்றில் இருப்பதை அப்படியே எழுதுங்கள். தற்போதைய முகவரியில் மட்டும் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள். பட்டாவை இணையத்தில் தேடும்போது பழைய மாவட்டத்தில் கிராமம் வராது, புது மாவட்டத்தில் பாருங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். பட்டாவில் மு. குமரன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கியதால் குமரன் முருகன். வெளிநாட்டு ஆவணங்களில் அதுவே மிஸ்டர் முருகன், அதாவது உங்கள் அப்பா. எங்கேயும் நீங்கள் நீங்களாக இல்லை என்ற உணர்வில் கொஞ்சம் இதனாலும் வருகிறதோ என்று தோன்றும். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் போட்டு வைத்தால் பல இடங்களில் வேலை நடந்துவிடும். அரசிதழில் பெயர் மாற்றம் வரைக்கும் போக அவசரப்படாதீர்கள். பெயரை மாற்றினால் மற்ற எல்லாவற்றையும் பின்னாலேயே மாற்ற வேண்டும்.

அங்கிருந்தே யாருக்காவது பவர் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்றால், தூதரகத்தில் கையெழுத்திட்ட பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அண்ணன் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தே இந்தக் கெடுவைத் தாண்டவிடுவது இங்கே வழக்கம்.

இனி, வந்து பார்ப்பது. டிசம்பர் விடுமுறையில் வந்து முடிவெடுக்காதீர்கள். டிசம்பரில் வேலூர் யாருக்கும் பிடிக்கும். கத்திரி வெயிலில் வாருங்கள், 40 டிகிரியைத் தாண்டும். அப்போதும் தாங்குகிறதா என்று பாருங்கள். நார்வே சமூகவியலாளர் லிஸ்கோர் 1955இல் அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்வந்த நார்வேக்காரர்களை ஆராய்ந்தபோது, 6 மாதம் முதல் 18 மாதம் வரை அங்கே இருந்தவர்கள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக ஒட்டியிருந்தார்கள். 1963இல் கல்லஹார்ன் தம்பதியர் ஊர் திரும்பும்போதும் இதே மாதிரி ஓர் இறக்கம் வருகிறது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் இதை எல்லாருக்கும் பொருந்தும் என்று ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நடைமுறைக்கு உதவும்: முதல் ஆறு மாதச் சந்தோஷத்தை நம்பி வெளிநாட்டு வீட்டை விற்காதீர்கள், ஏழாம் மாத எரிச்சலை நம்பி டிக்கெட்டும் போடாதீர்கள்.

வந்ததும் தனி அடுப்பு. இதை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள சந்துகளில் கற்றுக்கொள்ளலாம். வைத்தியத்துக்காக வங்காளம், ஜார்க்கண்டு, வடகிழக்கிலிருந்து வருகிற குடும்பங்கள் சமையல் வசதியுள்ள லாட்ஜாகப் பார்த்து எடுப்பார்கள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒருவர் கடுகெண்ணெய் வாங்கப் போய்விடுவார். கடைப் பலகையே வங்காள மொழியில் இருக்கும், ஆட்டோக்காரர் இந்தியில் பேரம் பேசுவார். மூன்றாம் நாள் அந்த அறை அவர்கள் வீடு. நீங்களோ அக்கா வீட்டிலும் சித்தப்பா வீட்டிலும் மாறி மாறி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். விருந்து போடும்வரை நீங்கள் விருந்தாளிதான். காய்கறியை நீங்களே போய் வாங்குங்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள் இருக்கும், பையில் கையை விட்டால் குத்தும். அரிந்தவுடன் தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கும். ஒரே கடையில் தொடர்ந்து வாங்கினால் சில வாரத்தில் கடைக்காரம்மாவே சொத்தையை ஒதுக்கிக் கொடுப்பார்.

இப்போது அந்த நோட்டு. கிராமத்துத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பார்கள், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று. வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாமல், ஐம்பதாயிரம் அனுப்பி டியூப்லைட்டில் 'உபயம்' என்று பெயர் எழுதவைப்பார்கள். தப்பில்லை, ஆனால் உபயம் கொடுத்தவர் உபயதாரர், வரி கொடுத்தவர்தான் ஊர்க்காரர். "எங்க வீட்டுத் தலைக்கட்டு யார் பேர்ல ஓடுது?" என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அப்பா பெயரில் இருந்தால், அவர் இல்லாதபோது அண்ணன் பெயருக்குப் போயிருக்கும். தனிக் குடும்பம் என்றால் உங்கள் பெயரில் தனித் தலைக்கட்டு எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போன வருடங்களுக்குப் பாக்கி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். அதன் பிறகு பந்தல் வேலைக்கும் திட்டு வாங்குவதற்கும் உங்களைத் தேடுவார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. பல கிராமங்களில் அந்த நோட்டு ஒரு சாதியின் நோட்டு. அதில் இடம் தராத ஊரில் போய் நிற்க வேண்டியதில்லை, இடம் தந்தாலும் அது வேண்டாம் என்று நினைப்பதிலும் நியாயம் உண்டு. அப்போது குடியாத்தத்திலோ வேலூரிலோ வீடு எடுங்கள். தெரு நலச்சங்கம், படித்த பள்ளியின் பழைய மாணவர் குழு, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கம் என்றால் ஜமாத் சந்தா, ஏதாவது ஒன்றில் மாதாமாதம் செய்ய வேண்டிய வேலையாகப் பார்த்து எடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாலை போடும் பதவி வேண்டாம்.

விருந்தாளி மாதிரி இருக்கிறதே என்று ரொம்பவும் கூச வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரே பல காலம் இல்லை. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்துவிட்டு 1981இல்தான் திரும்பி வந்தது. அதுவரை சாமி இல்லாத கோயில் என்று சொல்லிக்கினு இருந்தவர்கள்தான் இன்று வரிசையில் நிற்கிறார்கள்.

கடைசியாக, "எப்ப வந்த? எப்ப போற?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார்கள். மனம் நோகாதீர்கள், "சோறு துன்னியா" மாதிரி அதுவும் ஒரு விசாரிப்பு. "லீவு எத்தினி நாள்னு தெரியல" என்று இழுத்தால் மறுபடி மறுபடி கேட்பார்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. "சிரசு முடியட்டும், அப்பால பாக்கலாம்" என்று சொல்லுங்கள். சிரசு முடிந்துவிட்டிருந்தால், அடுத்த சிரசு.