ஆவரசுக்கு இரண்டு பெயர் ஏன்?

கேள்வி: எங்கள் வேலியோரம் நிற்கும் ஆவரசை, வீட்டிலுள்ள பழைய தாவரவியல் நூல் ‘கசியா ஓரிக்குலேற்றா’ என்கிறது. கடையில் வாங்கிய ஆவரசம்பூப் பொதியிலோ ‘சென்னா ஓரிக்குலேற்றா’ என்றும், அதன் பின்னால் அடைப்புக்குறிக்குள் ‘எல்.’ என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். இவை இரண்டு செடிகளா?
– வாசகி ஒருவர், கோப்பாய்

பதில்: ஒரே செடிதான். சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லினேயஸ், ஹேர்மன் என்பவர் இலங்கையில் சேகரித்த செடிகளை ஆராய்ந்து 1747 இல் இலங்கைத் தாவரங்கள் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டவர். ஆவரசுக்குக் கசியா ஓரிக்குலேற்றா என்று 1753 இல் பெயரிட்டவரும் அவரே. இலைக்காம்பின் அடியில் காதுமடல்போல் விரிந்திருக்கும் செதிலைக் குறிப்பதே பெயரின் பின்பகுதி. பூவை விட்டுச் செதிலைக் கவனித்தது நல்ல தெரிவு என்பேன், ஏனெனில் மஞ்சள் பூ இவ்வினத்தின் உறவுகள் பலவற்றுக்கும் பொது.

இந்தியாவில் பணியாற்றிய றொக்ஸ்பரோ இச்செடியைச் சென்னா என்ற சாதிக்கு (பெயரின் முன்பகுதி குறிக்கும், நெருங்கிய இனங்களின் கூட்டத்துக்கு) மாற்றினார்; அவர் 1815 இல் காலமான பின், 1832 இல் அச்சேறிய நூலிலேயே அந்தப் பெயர் வெளிவந்தது. ஆயினும் நூல்கள் பலவும் கசியாவையே தொடர்ந்து எழுதிவந்தன. 1982 இல் அமெரிக்கத் தாவரவியலாளர்களான ஏர்வினும் பாணபியும் பழைய கசியாப் பெருஞ்சாதியைக் கசியா, சென்னா, கமைகிறிஸ்ற்றா என மூன்றாகப் பிரித்த பின்னரே சென்னா நிலைபெற்றது. கசியாவிலேயே தங்கிவிட்ட கொன்றைப் பூவில் மூன்று கேசரங்களின் இழைகள் மிக நீண்டு இரட்டை வளைவுடன் நிற்பதையும், பூக்காம்பில் நுண்ணிய சிற்றிலைகள் இருப்பதையும் காணலாம். ஆவரசில் இவ்விரண்டும் இல்லை.

சாதி மாறினாலும் முதலில் இட்ட இனப்பெயரை, அதாவது பின்பகுதியை, கைவிடக்கூடாது என்பது பெயரிடல் விதி. முதலில் பெயரிட்டவரை அடைப்புக்குறிக்குள்ளும், இடம் மாற்றியவரை அதற்கு வெளியேயும் எழுதுவது வழக்கம். உங்கள் பொதியிலுள்ள ‘எல்.’ லினேயஸின் சுருக்கம்.

மலமிளக்கியாகக் கொடுக்கும் நிலாவாரையும் சென்னாச் சாதியைச் சேர்ந்ததே என்பதால், ‘சென்னா’ என்று மட்டும் எழுதிய பொதியை ஆவரசு என்று எண்ணி அவித்துக் குடிக்க வேண்டாம். இனப்பெயரையும் பார்த்தே வாங்குங்கள்.