பெங்களூர் அல்சூர் அம்மா ஒருவருக்கு: மகளின் இயற்பியல் ஆசை பற்றி

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. இறுதியாண்டு படிக்கும் மகள் வெப்பப் புலக்கோட்பாட்டில்தான் (சூடான பொருளில் நுண்துகள்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்லும் இயற்பியல்) ஆராய்ச்சி என்று பிடிவாதமாக நிற்கிறாள், ஒயிட்ஃபீல்டு ஐ.டி. கம்பெனிகளில் சம்பாதிக்கும் அக்கா பிள்ளைகளைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறீர்கள். அவள் மனதில் ஓடுவதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சூடான பொருளை ஓரிடத்தில் லேசாகச் சீண்டினால், சற்று நேரம் கழித்து இன்னோரிடத்தில் அது எப்படித் தெரியும்? அதைச் சொல்வது தொடர்புச் சார்பு. நேரத்தைக் கலப்பெண்ணாக, அதாவது மெய்ப் பகுதியும் கற்பனைப் பகுதியும் கொண்ட எண்ணாக எடுத்து, தளத்தில் வரைந்தால், நீளமான ஒரு பட்டைக்குள் அந்தச் சார்பு எங்கும் முறியாமல் இருந்தாக வேண்டும். பட்டையின் அகலம் வெப்பநிலையைப் பொறுத்தது; அறை வெப்பநிலையில் சுமார் 25 ஃபெம்டோ விநாடி. இரு கரைகளின் மதிப்புகளையும் பிணைக்கும் நிபந்தனையை 1957-ல் கூபோவும் 1959-ல் மார்ட்டினும் ஷ்விங்கரும் என்ற இயற்பியலாளர்கள் எழுதினார்கள். குவாண்டம் அமைப்பில் கேயாஸ் (துளி மாற்றமும் பெரிதாகிவிடும் குழப்பம்) வளரும் வேகத்துக்கு வெப்பநிலை உச்சவரம்பு போடுகிறது என்று மால்டசேனா, ஷென்கர், ஸ்டான்ஃபோர்ட் மூவரும் காட்டியதும் இப்படியொரு பட்டையை வைத்துத்தான். இவ்வளவு எளிய கட்டுப்பாட்டிலிருந்து இவ்வளவு பெரிய விடையா என்று எனக்கு இன்றும் சிலிர்க்கும். அவளுக்குப் பித்துப் பிடித்ததில் வியப்பில்லை.

சரி, சோறு போடுமா? அணுக்கருத் துகள்களே உருகிப்போகும் அளவு சூடான குவார்க்-குளுவான் பிளாஸ்மாவைக் கணினியில் போட்டால் விடை கற்பனை நேரத்தில், அதாவது அந்தக் கலப்பெண்ணின் கற்பனைப் பகுதியில் கிடைக்கும். அதை நிஜ நேரத்துக்கு மாற்றும்போது தரவிலுள்ள துளிப் பிசிறும் பூதாகரமாகிவிடும். அந்தப் பிசிறை அடக்கப் பழகியவளுக்கு, நிலநடுக்க அலையிலிருந்து பூமியின் உட்புறத்தைக் கணிப்பதும் மருத்துவ ஸ்கேன் படத்தை மீட்டெடுப்பதும் அந்நியமாகத் தெரியாது; கணக்கின் முடிச்சு ஒன்றுதான். ஆனால் பைத்தான் நிரல்மொழியில் கை பழகாமல், தாளிலேயே பிஎச்டி முடித்தால் பிறகு திண்டாட்டம். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. அதை மட்டுமே நம்பி இறங்க வேண்டாம்.

பெங்களூரிலுள்ள ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) நடத்தும் ஒருங்கிணைந்த பிஎச்டிக்கு ஜாம் நுழைவுத் தேர்வு, ஐசிடிஎஸ் என்ற கோட்பாட்டு அறிவியல் மையத்துக்கு ஜெஸ்ட் நுழைவுத் தேர்வு எழுதட்டும். 2023 முதல் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். வீட்டிலிருந்தே போய்வந்தால் தாராளம்.

அதற்கு முன் ஒரு வேலை கொடுங்கள். விளைவு காரணத்துக்கு முந்தாது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு பொருளின் எதிர்வினையின் மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் பிணைக்கும் கிராமர்ஸ்-குரோனிக் தொடர்பைப் புத்தகம் பார்க்காமல் வருவிக்கச் சொல்லுங்கள். இரண்டு பக்கக் கணக்குதான். விடையை நான் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் சிக்கிக்கொண்டால் ஃபோனை எடுக்கிறாளா, புதுத் தாளை எடுக்கிறாளா என்று மட்டும் கவனியுங்கள். தாள்களோடு இருவரும் வாருங்கள். விண்ணப்பத்தை அன்றைக்கே பேசி முடிவு செய்யலாம்.