காசு மாலை என்றால் எந்தக் காசு?

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டமொன்றில் 31 ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவள் நான். என் தாயார் கூட்டுச் சீட்டு கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கி, தம் கையாலேயே எனக்குக் கொடுத்த 12 பவுன் காசுகள் என்னிடம் இருந்தன. மகளின் திருமணத்துக்காக அவற்றில் பத்தைப் பட்டணத்து நகைக்கடையில் கொடுத்துக் காசு மாலை செய்யச் சொன்னேன். அந்தக் காசுகளையே கோத்துத் தருவார்கள் என்று நம்பினேன். கடைக்காரரோ அவற்றை உருக்கி, லட்சுமி உருவம் அச்சிட்ட மெல்லிய காசுகளால் மாலை செய்துவிட்டார். மாலையின் எடை 71.40 கிராம், கூலி 1,800 ரிங்கிட். ரசீதில் "பவுன் காசு 10, காசு மாலை" என்று மட்டுமே இருக்கிறது. எடைக் குறைவைக் கேட்டால் 8 விழுக்காடு சேதாரம் என்கிறார். வேறு கடையில் விலை கேட்டதற்குப் பழைய நகை விலைதான் தருவோம் என்றார்கள். என் காசுகள் திரும்பக் கிடைக்குமா? மீதமுள்ள 2 காசுகளையும், மகன் வாங்கித் தந்த கிஜாங் எமாஸ் தங்கக் காசு ஒன்றையும் பேத்திகளுக்குப் பதக்கமாகச் செய்யலாமா?

பதில்: அன்புள்ள அம்மா, உருகிய காசுகளை எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது. நீங்கள் கேட்கக்கூடியது இழப்பீடுதான். அது எவ்வளவு என்பது, காசுகளைக் கொடுத்த அன்று நீங்களும் கடைக்காரரும் எதை ஒப்புக்கொண்டீர்கள் என்பதைப் பொறுத்தது.

பழைய நகையைக் கொடுத்துப் புதிய நகையை மாற்றி எடுக்கும்போது, கொடுத்த பொருள் அப்போதே கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடுகிறது. உங்கள் காரியம் அப்படிப்பட்டதன்று. ஒரு வேலைக்காகப் பொருளை ஒப்படைத்து, வேலை முடிந்ததும் அதையே உரிய வடிவில் திரும்பப் பெறும் இந்த ஏற்பாட்டை மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் ஒப்படைப்பு என்று தனியாக வகுத்து வைத்திருக்கிறது. பொருளை வாங்கி வைப்பவர், விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளிடத்தில் காட்டும் அக்கறையைக் காட்ட வேண்டும் என்று அதன் 104ஆம் பிரிவு கூறுகிறது. ரசீதில் காசுகளுக்கு விலை போட்டுக் கழித்த கணக்கு எதுவும் இல்லாமல், எண்ணிக்கையும் செய்ய வேண்டிய நகையின் பெயரும் மட்டுமே இருப்பது, தங்கம் கடைசிவரை உங்களுடையதாகவே இருந்தது என்ற வாதத்துக்குப் பலம் சேர்க்கிறது.

முதலில் எடையைப் பார்ப்போம்; உங்கள் வழக்கில் மிக உறுதியான பகுதி அதுதான். ரசீதில் எடை எழுதப்படவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிரிட்டிஷ் பவுன் காசு ஊருக்கு ஊர் மாறும் பொருளன்று. புதிய காசின் நிர்ணயித்த எடை 7.988 கிராம், தரம் 22 காரட்; நம் மக்கள் பவுன் என்றால் 8 கிராம் என்று கணக்கிடுவதே இந்தக் காசினால்தான். புழக்கத்தில் தேய்ந்த காசுகூட 7.938 கிராமுக்குக் கீழே இறங்கினால் பிரிட்டனில் செல்லுபடியாகாது என்ற வரம்பு இருந்தது. ஆகவே பெட்டியில் பத்திரமாக இருந்த 10 காசுகள் ஏறத்தாழ 79.88 கிராம் இருந்திருக்கும். காசும் 22 காரட், 916 (ஆயிரத்தில் 916 பங்கு தங்கம்) நகையும் 22 காரட் என்பதால், உருக்கி நகையாக்கும்போது தரத்தை மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. குறைந்திருப்பது 8.48 கிராம். கடைக்காரர் சொல்லும் 8 விழுக்காட்டை அப்படியே ஏற்றாலும் அது 6.39 கிராம்தான். எஞ்சிய 2 கிராமுக்கு மேற்பட்ட தங்கத்துக்கு அவரிடம் எந்த விளக்கமும் இல்லை.

அந்த 8 விழுக்காட்டையும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. சேதாரம் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெற்றிருந்தால் நிலைமை வேறு. சொல்லாத நிலையில், விலை பேசப்படாத சேவைக்கு நியாயமான தொகைக்கு மேல் பயனீட்டாளர் கொடுக்க வேண்டியதில்லை என்ற 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் விதி உங்களுக்குத் துணை நிற்கிறது. அரத்தூளும் வெட்டுத் துண்டுகளும் பட்டறையிலேயே சேர்த்து வைக்கப்பட்டு மீண்டும் உருக்கப்படுகின்றன என்பது பத்தர்கள் எல்லோரும் அறிந்த உண்மை. உங்கள் தங்கத்தின் தூளைத் தாமே வைத்துக்கொண்டு, அதையே சேதாரம் என்று கழித்து, அதற்கு மேல் தனியாகக் கூலியும் வாங்குவது நியாயமான தொகைதானா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இனி, காசுகளை உருக்கியது சரியா என்ற கேள்வி. இது கடினமானது, உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர நான் விரும்பவில்லை. காசு மாலை என்ற சொல் இரண்டு பொருளையும் தாங்கும். முந்தைய தலைமுறையில் பவுன் காசுகளுக்கே வளையம் வைத்துக் கோத்து அணிந்த பெண்கள் உண்டு. இன்று கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் லட்சுமி காசு மாலைதான். கடைக்காரர் இரண்டாவது பொருளைத்தான் பற்றிக்கொள்வார். எந்த மாதிரியைக் காட்டி "இதுபோல்" என்றீர்கள், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினீர்களா, உடன் யார் வந்தார்கள் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கும். மகள் உடனிருந்து கேட்டிருந்தால், அவர் நினைவிலிருப்பதை இன்றே எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

காசுகளாகவே கோக்கச் சொன்னீர்கள் என்று நிரூபித்துவிட்டால், அதே தரமுள்ள 10 பவுன் காசுகளை இன்று சந்தையில் வாங்க ஆகும் விலைக்கும், உங்கள் மாலைக்கு இன்று கிடைக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இழப்பீடாகக் கேட்கலாம். அதை நிரூபிக்க முடியாவிட்டால், பழைய நகை விலைக்கு இறங்கிய அந்த நட்டம் உங்களைச் சேர்ந்ததாகிவிடும். செய்கூலியைத் திரும்ப விற்கும்போது யாரும் தருவதில்லை. அது கடைக்காரர் செய்த தவறாகக் கொள்ளப்படாது.

சேகரிப்பாளர்கள் தரும் கூடுதல் விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பவுன் காசுகள் லண்டனில் மட்டும் அச்சிடப்பட்டவை அல்ல; சிட்னி, மெல்பர்ன், பெர்த், பிரிட்டோரியா ஆகிய ஊர்களிலும், 1918இல் மட்டும் பம்பாயிலும் அச்சாயின. அச்சிட்ட ஊரையும் ஆண்டையும் பொறுத்துச் சில காசுகளுக்குத் தங்க விலைக்கு மேல் தொகை கிடைக்கும். ஆனால் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, இயல்பாக விளையக்கூடிய நட்டத்தையோ, இரு தரப்பும் ஒப்பந்தத்தின்போதே அறிந்திருந்த நட்டத்தையோதான் கேட்க முடியும். காசுகளின் ஆண்டு குறிப்பில் இல்லை, படமும் இல்லை, கடைக்காரரிடம் சொல்லவும் இல்லை என்றால் இந்தக் கோரிக்கையை விட்டுவிடுவதே நல்லது. பலமில்லாத கோரிக்கை பலமுள்ள எடைக் கணக்கையும் சந்தேகத்துக்குள்ளாக்கும்.

மாலையை வேறொரு கடையில் எக்ஸ்-கதிர்க் கருவியில் சோதித்து, தரத்தையும் எடையையும் எழுத்தில் வாங்குங்கள். 916 முத்திரை இருந்தும் தரம் குறைந்திருந்தால், அது 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் குற்றமாகலாம். உள்நாட்டு வாணிப அமைச்சின் கிளை அலுவலகத்தில் புகார் செய்யுங்கள். பிறகு, 14 நாளில் பதில் கேட்டுக் கடைக்குப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் முதலாம் படிவத்தை நிரப்பி, 5 ரிங்கிட் கட்டணத்துடன் தாக்கல் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. அங்கே பொதுவாக வழக்கறிஞர்கள் வாதாட முடியாது. நீங்களே உங்கள் கணக்கைச் சொல்லலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நம்பிக்கை மோசடி என்று உடனே போலீசில் புகார் செய்யச் சிலர் தூண்டலாம். அதற்கு நேர்மையற்ற எண்ணத்தை நிரூபிக்க வேண்டும். சேதாரத் தகராறு மட்டும் அதற்குப் போதாது.

மீதமுள்ள 2 பவுன் காசுகளில் பற்றவைக்கவோ, துளையிடவோ, மெருகேற்றவோ விடாதீர்கள். அவற்றில் எதைச் செய்தாலும் காசு என்ற மதிப்பு போய்த் தங்கத்தின் மதிப்பு மட்டுமே நிற்கும். விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வளையச் சட்டத்தில் பொருத்தினால், என்றாவது கழற்றிக் காசாகவே விற்கலாம்.

கிஜாங் எமாஸை உருக்கவே வேண்டாம். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா நாள்தோறும் விலை அறிவிக்கும் காசு அது. உருகிவிட்டால் அந்த விலையைக் கேட்க முடியாது. அதன் தரம் 999.9 என்பதால் கணக்கும் வேறு. ஓர் அவுன்ஸ் காசு 31.10 கிராம்; அதில் செம்போ வெள்ளியோ சேர்த்து 916 ஆக்கினால், உருக்கில் போகும் சிறு குறைவு நீங்கலாக, ஏறத்தாழ 33.95 கிராம் வர வேண்டும். "கொடுத்த எடையையே திருப்பிக் கொடுத்தேன்" என்று ஒருவர் 31 கிராம் நகையை நீட்டினால், கிட்டத்தட்ட 3 கிராம் அவரிடமே நின்றுவிட்டது என்று பொருள். பதக்கம் செய்யும் நாளில் மூன்று காசுகளையும் இரு பக்கமும் படமெடுத்து, கடையின் தராசிலேயே நிறுத்து, ரசீதில் ஆண்டும் எடையும் கூலியும் எழுதச் செய்து, "காசை உருக்கக் கூடாது, பற்றவைக்கக் கூடாது, வளையச் சட்டத்தில் மட்டும் பொருத்த வேண்டும்" என்ற வரியின் கீழ் கடைக்காரரின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிக்கொள்ளுங்கள்.