ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை: ஆங்கில வகுப்பில் எதை எதிர்பார்க்கலாம்?

வேலூர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் நடத்துகிறேன். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்துக் கேள்விகளும் உண்டு; 2019 வரைக்கும் எல்லாம் ஒரே மாவட்டம்தானே. நான் சொல்வது மாநிலப் பாடத்திட்டத்துக்கு. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்குக் கணக்கு மாறும்.

குடியாத்தம், ஒரு தாய்: பெண் எட்டாவது வரை ஊர்ப் பள்ளியில் தமிழ் மீடியம். இப்போது ஒன்பதாவது. வருஷக் கடைசிக்குள் ஆங்கிலத்தில் அவளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? நாங்கள் கைலி நெசவு, எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. எப்படிச் சரிபார்ப்பது?

இரண்டு விஷயம் போதும் அம்மா. வகுப்பில் இன்னும் நடத்தாத பாடத்தைத் திறந்து அரைப் பக்கம் வாய்விட்டுப் படித்து, அதில் என்ன நடந்தது என்று தமிழில் சொல்ல வேண்டும். நடுவில் நாலைந்து சொற்களுக்குப் பொருள் தெரியாமல் போகலாம், தப்பில்லை. கதை பிடிபட வேண்டும். அடுத்தது, நேற்று என்ன செய்தாள் என்று ஐந்தாறு வாக்கியம் எதையும் பார்க்காமல் எழுத வேண்டும்.

சரிபார்க்க உங்களுக்கு ஆங்கிலம் தேவையில்லை. தறியில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். எழுதியதை ஒவ்வொரு வாக்கியமாக வாசித்து, தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மளமளவென்று சொன்னால் அவளே எழுதியது. விழித்தால் எங்கிருந்தோ பார்த்து எழுதியது. வகுப்பிலும் இதே சோதனையைத்தான் வைக்கிறேன். காலாண்டுக்குள் இதெல்லாம் வராது, பதற வேண்டாம்; அரையாண்டுத் தேர்வின்போது மறுபடி பாருங்கள்.

காட்பாடி, பத்தாம் வகுப்பு மாணவன்: கைடைப் பார்த்து எல்லாப் பாராகிராஃபையும் மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா சார்? ஒன்பதாவதில் அப்படித்தான் நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் இரண்டு வாக்கியம் சொந்தமாகப் பேச வரவில்லை.

தம்பி, முதலில் வினாத்தாளைப் பிரித்துப் பார்ப்போம். 2019-20 முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண். இப்போதுள்ள அமைப்பில் ஒரு மார்க் கேள்வி 14, இரண்டு மார்க் கேள்வி 10, ஐந்து மார்க் கேள்வி 10, எட்டு மார்க் கேள்வி 2.

இதில் கைடு உனக்கு அப்படியே எடுத்துக்கொடுக்க முடியாதது எவ்வளவு தெரியுமா? விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படத்தைப் பார்த்து எழுதுவது, குறிப்பெடுப்பது, பிழை திருத்துவது என்று ஆறு கொடுத்து நான்கு எழுதச் சொல்கிறார்கள். அதற்கு 20. கடைசியில் படிக்காத பத்தியோ பாட்டோ கொடுத்துக் கேள்வி கேட்பது 8. இலக்கணத்தில் இரண்டு மார்க் மூன்று, அது 6. வழி சொல்லும் ரோடு மேப் 2. கூட்டிப் பார், 36 வருகிறது. பாஸ் மார்க் 35.

நீ நெட்டுரு போட்ட பாராகிராஃபைத் தொடாமலேயே எட்டக்கூடிய மார்க் அது. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள். கைடு வாங்காதே என்று நான் சொல்லவில்லை, நேரம் இல்லாத வீட்டில் அதுவும் ஒரு துணைதான். ஆனால் பாராகிராஃபை ஒரு முறை படி, புத்தகத்தை மூடு, ஆறு சின்ன வாக்கியத்தில் நீயே எழுது. கருத்து சரியாக இருந்தால் சொந்த வாக்கியத்துக்கும் மார்க் உண்டு. மனப்பாடத்தில் ஒரு வரி மறந்தால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து போய்விடும். சொந்த வாக்கியத்துக்கு அந்த ஆபத்து கிடையாது.

பேச்சு வராததற்கும் காரணம் இதுதான். நீயாக ஒரு வாக்கியம் கட்டிப் பழகியதே இல்லை. கை பழகினால் வாய் தானாகத் திறக்கும்.

வேலூர், பத்தாம் வகுப்பு மாணவன்: ரோடு மேப் இரண்டு மார்க்தானே, விட்டுவிடலாமா?

அதை வேலூர்ப் பையன் கேட்கலாமா? மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு தினமும் எத்தனை பேர் காட்பாடி ஸ்டேஷனில் இறங்குகிறார்கள்! கையில் ஃபைல், தோளில் பை, கண்ணில் தூக்கம். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது என்று உன்னைத்தான் கேட்பார்கள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி நேராகப் போய், கோட்டைப் பக்கம் வந்து, பழைய பஸ் ஸ்டாண்டு அருகில் இறங்குங்கள் என்று சொல்ல உனக்குத் தேவை நாலே நாலு வினைச்சொல்: கோ, கிராஸ், டர்ன், ரீச். 'கோ ஸ்ட்ரெயிட். கிராஸ் த பிரிட்ஜ். டர்ன் லெஃப்ட்.' தேர்வில் கேட்பதும் இவ்வளவுதான். கொடுத்த படத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் நிதானமாகப் பார். இடதும் வலதும் மாறித்தான் பாதிப் பேர் மார்க்கை விடுகிறார்கள்.

இது கட்டாயக் கேள்வி, சாய்ஸ் கிடையாது. விடாதே.

பீஞ்சமந்தை மலைப் பக்கத்து மாணவி: எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறேன். பத்தாவதில் ஆங்கிலம் பாஸாக முடியுமா மிஸ்?

நான் மிஸ் இல்லை, சார். பரவாயில்லை கண்ணு. கண்டிப்பாக முடியும். ஆனால் ஜனவரியில் ஆரம்பித்தால் கஷ்டம், இன்றைக்கே ஆரம்பித்தால் முடியும்.

மனப்பாடப் பாட்டுக்கு 5 மார்க். பாட்டு உனக்கு வரும், ராகம் போட்டுச் சொல்லிப் பார். ஆனால் எழுதும்போது எழுத்துப் பிழை பார்க்கிறார்கள், அதனால் சொல்வதோடு நிறுத்தாமல் எழுதியும் பார்க்க வேண்டும். ஒரு மார்க்கில் முதல் மூன்று கேள்வி ஒத்த பொருள், அடுத்த மூன்று எதிர்ப்பொருள். பாடத்துக்குப் பின்னால் உள்ள சொற்களை நாளுக்கு ஐந்தாக எழுதி வா.

அப்புறம் படம் பார்த்து எழுதுவது. இதில் பிள்ளைகள் ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சந்தைப் படம் வந்தது என்று வை. 'தேர் இஸ் எ மார்க்கெட். எ வுமன் இஸ் செல்லிங் ஃபிளவர்ஸ். டூ பாய்ஸ் ஆர் வாக்கிங். எ டாக் இஸ் ஸ்லீப்பிங்.' ஒருவர் என்றால் இஸ், பலர் என்றால் ஆர், செய்கிற வேலைக்கு வாலில் ஒரு இங். இதே அச்சில் எந்தப் படத்துக்கும் ஐந்து வாக்கியம் வந்துவிடும். விளம்பரத்துக்குக் கட்டம் போட்டு, கடைப் பெயர், பொருள், தள்ளுபடி, முகவரி எழுதினாலே பெரும்பகுதி மார்க் வந்துவிடும். கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், தேதி, விளிப்பு, கையொப்பம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். உள்ளே நாலு வரி போதும்.

எழுத்துக் கூட்டுவதை நினைத்து வெட்கப்படாதே. தினமும் பத்து வரி, சத்தமாக, விரல் வைத்துப் படி. ஹாஸ்டலில் யாராவது சிரித்தால் வெளியே மரத்தடிக்குப் போய்ப் படி.

ஆம்பூர், ஒரு தந்தை: நான் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வெளிநாட்டு பையர் வந்தால் மேனேஜர் பேசுகிறார், நாங்கள் தலையாட்டுகிறோம். என் மகனாவது பேச வேண்டும். பள்ளியில் ஏன் பேசக் கற்றுத்தருவதில்லை?

கேள்வி நியாயம்தான். பத்தாம் வகுப்பில் 100 மார்க்கும் எழுத்துத் தாளிலேயே போய்விடுகிறது, பேச்சுக்கு அதில் மார்க் கிடையாது. மார்க் இல்லாததை யாரும் நடத்துவதில்லை, பெற்றோரும் கேட்பதில்லை. 40 நிமிஷப் பீரியடில் அறை நிறையப் பிள்ளைகளை உட்காரவைத்தால் ஒருவருக்கு ஒரு நிமிஷம்கூட வராது.

நான் செய்வது: பீரியட் தொடங்கும்போது மூன்று பேர் எழுந்து, ஆளுக்கு மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். நேற்றைய மழை, பஸ் லேட் ஆனது, மதியச் சாப்பாடு, எதுவானாலும் சரி. பேசி முடிக்கும்வரை திருத்த மாட்டேன். எல்லோருக்கும் பொதுவான தவறை மட்டும் கடைசியில் பலகையில் எழுதுவேன்.

வீட்டில் உங்களிடமே நல்ல சாமான் இருக்கிறதே. உங்கள் கம்பெனி அட்டைப்பெட்டியில் அளவு, நிறம், தோல் வகை, எந்த நாட்டுக்குப் போகிறது என்று ஆங்கிலத்தில்தானே அச்சடித்திருக்கிறார்கள்? ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து, அதைப் பற்றி மகனைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் கேள்வி கேளுங்கள், தமிழிலேயே கேளுங்கள். பையர் கேட்கிற கேள்வி என்னவென்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

வாணியம்பாடி, ஒரு தாய்: வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். மூன்றும் சேர்ந்து பையனைக் குழப்புமா?

குழப்பாது அம்மா. உருது, தமிழ் இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவுக்கு வந்துவிடும். உங்கள் மகனுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இடிக்கிற இடம் ஒன்றேதான், மருந்தும் ஒன்றுதான்: யார், என்ன செய்தார், எதை, எங்கே, எப்போது என்ற வரிசையில் வாக்கியம் அமைத்துப் பழகுவது. வீட்டில் உருதுவை நிறுத்திவிட்டு அரைகுறை ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்க வேண்டாம். இரண்டும் போய்விடும்.

ராணிப்பேட்டை, புதிதாகச் சேர்ந்த ஆசிரியை: முதல் நாள் வகுப்பில் என்ன விதிமுறை சொல்லலாம்? எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் ஃபைன்.

ஃபைன் போட்டால் பிள்ளைகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள், வாயை மூடிக்கொள்வார்கள். உங்களால் அந்த விதியை நீக்க முடியாவிட்டாலும், உங்கள் பீரியடிலாவது வசூல் செய்யாமல் விடுங்கள்.

முதல் நாள் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: யார் தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்கக் கூடாது. மற்றதெல்லாம் பிறகு. தனியாக ஒரு நோட்டு வைத்து நாளுக்கு ஐந்து வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சிவப்பு மையில் திருத்தினால் உங்களுக்கும் முடியாது, அவர்களுக்கும் மனசு விட்டுப்போகும். வாரத்துக்கு ஒரு வகைப் பிழை போதும். 'டிட் நாட் வென்ட்' ஒரு வாரம். 'ஹி டோன்ட்' ஒரு வாரம். 'டிஸ்கஸ் அபௌட்' ஒரு வாரம். 'ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்' என்று எழுதிவிட்டு ஃபிரெண்ட்ஸ் என்று போடாமல் விடுவது இன்னொரு வாரம். இவை எல்லாமே தேர்வில் பிழை திருத்தும் கேள்விக்கும் உதவும்.

வருஷத்தின் இலக்கைப் பிள்ளைகளிடமே சொல்லிவிடுங்கள்: ஏப்ரலில் படிக்காத பத்தி ஒன்றை வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், ஒரு பக்கம் சொந்தமாக எழுத வேண்டும். எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாத வகுப்பில் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அணைக்கட்டு, பிளஸ் ஒன் மாணவன்: கையெழுத்து மோசம். மார்க் குறையுமா?

அழகு தேவையில்லை, புரிந்தால் போதும். சொல்லுக்குச் சொல் இடைவெளி விடு.

திருப்பத்தூர், பிளஸ் டூ மாணவி: எங்களுக்குத் தாள் எப்படி? இன்ஜினியரிங் போக ஆசை. தமிழ் மீடியம் என்பதால் பயம்.

எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்த 90-ல் ஒரு மார்க் கேள்வி 20, இரண்டு மார்க் கேள்வி 7, மூன்று மார்க் கேள்வி 7, ஐந்து மார்க் கேள்வி 7. தொடங்கும் முன் வினாத்தாளைப் படிக்க 10 நிமிஷமும், விவரம் நிரப்ப 5 நிமிஷமும் தருகிறார்கள். படிக்காத பத்தியை அந்த 10 நிமிஷத்தில் ஒரு தடவை ஓட்டிவிடு.

கல்லூரிக்குத் தேவைப்படுவது குறிப்பெடுக்கும் கேள்வி. பிளஸ் டூவில் எல்லோரும் அதை அலட்சியம் செய்கிறார்கள். முதல் செமஸ்டரில் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போவார், நீ எழுதிக்கொண்டே வர வேண்டும். இப்போதே உன் இயற்பியல் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடு. அதே பாடத்தின் இங்கிலீஷ் மீடியம் புத்தகம் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இறக்கிக்கொள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படி. உனக்குப் பாடம் ஏற்கெனவே தெரியும், அதனால் ஆங்கிலம் மட்டும்தான் புதிதாக இருக்கும்.

பேரணாம்பட்டு, ஒரு பெரியவர்: நம்ம வடாற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எங்கே வரப்போகிறது?

ஐயா, திருத்தணிப் பக்கத்திலிருந்து வந்து நம்ம வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராகப் போய்ப் பாடம் நடத்தினார். இனிமேல் இப்படிப் பிள்ளைகள் காதில் விழச் சொல்லாதீர்கள்.

சத்துவாச்சாரி, ஒரு தந்தை: பெற்றோர் கூட்டத்தில் ஆங்கில ஆசிரியரிடம் என்ன கேட்க வேண்டும்?

'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால், 'இன்னும் நல்லாப் படிக்கணும்' என்ற பதில்தான் வரும். அதனால் கடைசித் தேர்வின் விடைத்தாளை வாங்கிப் பாருங்கள். எந்தப் பகுதியில் மார்க் போயிருக்கிறது, எந்தக் கேள்வியைத் தொடாமலே விட்டிருக்கிறான் என்று ஆசிரியரைக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக எழுதியதைவிட வெற்றாக விட்ட இடத்தில்தான் பேச வேண்டியது அதிகம். பையனையும் பக்கத்தில் நிற்கவைத்தே கேளுங்கள். ஏன் விட்டான் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.